சிலிக்கான் சிப்பிலேயே ஒளியுணரி: ஜெர்மானியம் எதற்கு, உண்மையான லாபம் எங்கே?

#1 எம்டெக்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக் இரண்டாம் ஆண்டு, சிலிக்கான் போட்டோனிக்ஸில், அதாவது சிலிக்கான் சிப்பிலேயே ஒளியை ஓட்டும் துறையில் புராஜெக்ட். பல கல்லூரிகள் பங்குபோட்டு ஒரே வேஃபரில் (சிப்கள் செய்யும் சிலிக்கான் வட்டத்தகடு) சிப் எடுக்கும் திட்டத்தில் எங்கள் டிசைனும் போய், இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அதில் ஒளி ஓடும் பாதையான வேவ்கைடு முடியும் இடத்தில், ஒளியை மின்னோட்டமாக்கும் ஒரு ஜெர்மானியம் போட்டோடயோடு இருக்கிறது. ரிவ்யூவில் இரண்டு கேள்வி வந்தது. நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

முதல் கேள்வி: கைபேசிக் கேமராவின் சென்சார் முழுக்க சிலிக்கான். அது ஒளியைப் பார்க்கிறது. அப்புறம் இந்தச் சிப்பில் மட்டும் ஜெர்மானியம் எதற்கு?

இரண்டாவது: ஜெர்மானியத்தில் டார்க் கரண்ட், அதாவது ஒளியே இல்லாதபோதும் கசியும் மின்னோட்டம், அதிகம் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. இன்டியம் காலியம் ஆர்சனைடு அதைவிடச் சுத்தமான பொருள். அதைத் தனியே செய்து சிப்பின் மேல் ஒட்டிவிட்டால் என்ன?

கூடவே அளவீட்டிலும் ஒரு சந்தேகம். 1550 நானோமீட்டர் லேசர், ஃபைபர் முனையில் 1 மில்லிவாட், டயோடுக்கு மைனஸ் 1 வோல்ட். போட்டோகரண்ட் 0.32 மில்லிஆம்பியர்தான் வருகிறது. ஃபேப் (சிப் செய்த தொழிற்சாலை) தந்த ஆவணப்படி ஒரு வாட்டுக்கு 0.9 ஆம்பியர் பக்கம் வர வேண்டும். லேசரை அணைத்த பிறகு டார்க் கரண்ட் 4 மைக்ரோஆம்பியர். ஆவணத்தில் 50 நானோஆம்பியருக்குக் கீழே என்று இருக்கிறது. சிப்பே பழுதா?

#2 நார்க்கோடு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். 1240ஐ அதால் வகுத்தால் சுமார் 1107 நானோமீட்டர். அதைவிட நீளமான அலைக்கு சிலிக்கான் கண்ணாடி மாதிரி, உள்ளே விட்டுவிடும். கேமரா பார்ப்பது 400 முதல் 700 வரை. அங்கே சில மைக்ரோமீட்டர் தடிமனே பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும். 850க்குப் போனாலே பதினைந்து இருபது மைக்ரோமீட்டர் ஆழம் வேண்டியிருக்கிறது. 1310, 1550 என்று ஃபைபர்காரர்களின் அலைநீளத்துக்கு வந்தால் சுத்தமாக ஒன்றுமில்லை.

இதில் முக்கியமானது, அந்தக் குருட்டுத்தன்மை இருப்பதால்தான் சிலிக்கானில் வேவ்கைடே போட முடிகிறது. ஒளியை விழுங்காத பொருளில்தான் அதை சென்டிமீட்டர் கணக்கில் ஓட்டலாம். ஓட்டுவதற்கு எது வசதியோ அதுவே பிடிப்பதற்கு இடைஞ்சல். அதனால் பாதை சிலிக்கானிலும், பாதை முடியும் இடத்தில் மட்டும் வேறு பொருளும் என்று ஆயிற்று.

#3 வடக்குரதவீதி

நான் இந்தத் துறை இல்லை, ஆர்வத்தில் படிக்கிறவன். அப்படியானால் அலைநீளத்தையே குறைத்துக்கொண்டால் ஜெர்மானியம் தேவைப்படாதே? ஃபைபரை மாற்ற முடியாது, சரி. ஆனால் ஒரே ரேக்குக்குள் இரண்டு மீட்டர் போகும் ஒளிக்கு ஃபைபர் இழப்பு ஒரு பொருட்டா?

#4 நார்க்கோடு

நல்ல கேள்வி ஐயா, இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2015இல் பெர்க்லி, எம்ஐடி, கொலராடோ போல்டர் மூன்றும் சேர்ந்து ஒரு பிராசஸர் செய்தன. வெளியுலகத்தோடு நேரடியாக ஒளியில் பேசும் சிப் அது. 7 கோடி டிரான்சிஸ்டர், 850 ஒளிப் பாகங்கள், சாதாரண மின்னணுச் சிப்கள் செய்யும் அதே 45 நானோமீட்டர் சிமாஸ் முறை. ஃபேபில் ஒரு படியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. டிடெக்டருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? டிரான்சிஸ்டரை வேகப்படுத்த ஃபேப் ஏற்கனவே போடும் சிலிக்கான்-ஜெர்மானியம் கலவையையே ஒளியுணரியாக எடுத்துக்கொண்டார்கள். அதில் ஜெர்மானியத்தின் பங்கு குறைவு என்பதால் 1180 நானோமீட்டரில் வேலை செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் உலகத்தின் லேசர், ஃபைபர், சோதனைக் கருவி எல்லாம் 1310லும் 1550லும் இருக்கும்போது 1180 என்று ஒரு தனி ஊர் கட்டுவது கஷ்டம். அந்த வழியில் கிளம்பியவர்களும் பிறகு 1310க்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

#5 வேஃபர்வாசி

ஃபேபில் பல வருடம் எபிடாக்சி, அதாவது படிகத்தின் மேல் படிகம் வளர்க்கும் பக்கம் இருந்தவன். இரண்டாவது கேள்விக்குப் போவதற்கு முன், ஜெர்மானியத்தை சிலிக்கான் மேல் வளர்ப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள் தங்கச்சி. இதைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் தாண்டிவிடும்.

சிலிக்கான் படிகத்தின் அலகு நீளம் 5.431 ஆங்ஸ்ட்ராம், ஜெர்மானியத்துக்கு 5.658. நூற்றுக்கு நாலே கால் வித்தியாசம். 24 ஜெர்மானியம் அலகு நிற்கும் நீளத்தில் 25 சிலிக்கான் அலகு நிற்கிறது. பெருக்கிப் பார், இரண்டும் 135.8தான். அதாவது 25 வரிசைக்கு ஒரு வரிசை மேலே தொடர ஆளில்லாமல் அறுந்து நிற்கும். அந்த அறுந்த வரிசைகள் வளைந்து மேற்பரப்பு வரை ஏறினால், ஒவ்வொன்றும் மின்னோட்டம் கசியும் ஒரு வழி. நீ அளக்கும் டார்க் கரண்டில் பெரும் பங்கு அங்கிருந்து வருகிறது.

1984இலேயே பெல் ஆய்வகத்தில் லூர்யி, காஸ்டால்ஸ்கி, பீன் மூவரும் சிலிக்கான் மேல் ஜெர்மானியம் டிடெக்டர் செய்துவிட்டார்கள். ஆனால் தரமான படலம் சுலபமாகக் கிடைக்க இன்னும் பதினைந்து வருடம் ஆனது. இன்று எல்லா ஃபேபும் ஏதோ ஒரு வடிவத்தில் பின்பற்றுவது இரண்டு படி முறையைத்தான். முதலில் 350 டிகிரி அளவில், குளிர்ச்சியாகவே, 30 முதல் 60 நானோமீட்டர் விதைப் படலம். அந்த வெப்பத்தில் அணுக்கள் ஓடிப்போய்த் திட்டுத்திட்டாகச் சேர முடியாது, விழுந்த இடத்திலேயே சமமாக உட்காரும். அப்புறம் 600, 700 டிகிரிக்கு ஏற்றி மீதித் தடிமனை வேகமாக வளர்ப்பது. கடைசியாக, எம்ஐடியில் கிமர்லிங் குழு 1999இல் காட்டியபடி, 900 டிகிரிக்கும் 780 டிகிரிக்கும் மாறி மாறி ஏற்றி இறக்குவது. ஏற்றி இறக்கும்போது அறுந்த வரிசைகள் நகர்ந்து, ஒன்றோடொன்று மோதி அழியும். சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி அளவில் இருந்த குறைகள் அவர்கள் கையில் இரண்டு கோடிச் சொச்சமாக இறங்கின.

இங்கே ஒரு வரப்பிரசாதம் கிடைக்கிறது. சூட்டில் தளர்ந்து சமநிலைக்கு வந்த ஜெர்மானியம் ஆறும்போது, சிலிக்கானைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் தடித்த சிலிக்கான் அதை விடாது. அறை வெப்பத்துக்கு வரும்போது ஜெர்மானியம் நூற்றுக்கு 0.2 அளவு இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும். அந்த இழுப்பில் அதன் நேரடி ஆற்றல் இடைவெளி 0.80இலிருந்து 0.77 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இறங்குகிறது. இழுப்பில்லாத ஜெர்மானியத்தின் விளிம்பு 1550லேயே இருக்கிறது, அதாவது நமக்கு வேண்டிய பட்டையின் நட்டநடுவில். இழுபட்ட பிறகு 1600ஐத் தாண்டிவிடும். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, ஆறவைத்ததில் வந்தது. உன் டயோடு 1550இல் ஒழுங்காக வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது உண்மையான தலைவலி: வரிசை. ஜெர்மானியம் 938 டிகிரியில் உருகும். ஒளியில் சிக்னலை ஏற்றும் மாடுலேட்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் போட்ட டோப்பிங்கை (வேண்டுமென்றே கலக்கும் வேற்று அணுக்களை) உயிர்ப்பிக்க 1000 டிகிரிக்கு மேல் ஒரு சூடு வேண்டும். எனவே அது முடிந்த பிறகுதான் ஜெர்மானியம். ஆனால் உலோக இணைப்புகள் வந்துவிட்டால் 450 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, எனவே அதற்கு முன்னால். இடையில் ஒரு குறுகிய சந்து, அதில் நுழைந்து வெளியே வர வேண்டும். டிரான்சிஸ்டரும் அதே சிப்பில் இருந்தால் சந்து இன்னும் குறுகும், ஏனென்றால் ஜெர்மானியத்தைச் சீராக்கும் 800, 900 டிகிரி சூடு டிரான்சிஸ்டரின் டோப்பிங்கைக் கலைத்துவிடும்.

அதோடு போகவில்லை. ஃபேபில் ஒவ்வொரு படிக்கும் முன்னால் அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த தொட்டியில் வேஃபரைக் கழுவுவோம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. ஜெர்மானியம் திறந்திருக்கும் வேஃபர் அந்தத் தொட்டிக்குள் போனால், எடுக்கும்போது ஜெர்மானியம் இருக்காது. பெராக்சைடு அதை ஆக்சைடு ஆக்கும், அந்த ஆக்சைடு தண்ணீரில் கரையும். 1947இல் முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில்தான் வந்தது. பிறகு சிலிக்கான் முந்தியதற்கு ஆக்சைடும் ஒரு பெரிய காரணம்: சிலிக்கானின் ஆக்சைடு தண்ணீரில் கரையாமல் மேற்பரப்பைக் காக்கும், ஜெர்மானியத்தின் ஆக்சைடு காக்காது. எழுபது வருடம் கழித்தும் அதே குணம்தான் நம்மைப் படுத்துகிறது. அதனால் ஜெர்மானியம் போட்டவுடன் மேலே சிலிக்கானோ வேறு படலமோ போட்டு மூடிவிடுவோம்.

#6 பேக்கேஜிங்காரர்

வேஃபர்வாசி சொன்னதையெல்லாம் படித்தால் என் கேள்விதான் வலுக்கிறது. இவ்வளவு பாடு எதற்கு? லேசருக்கு எப்படியும் இன்டியம் பாஸ்பைடு என்ற கலவைக் குறைக்கடத்தியைத்தான் நம்ப வேண்டும். சிலிக்கானோ ஜெர்மானியமோ உருப்படியான லேசர் தராது. 2006இல் இன்டெல்லும் சான்டா பார்பராவில் பவர்ஸ் குழுவும் சிலிக்கான் மேல் இன்டியம் பாஸ்பைடை ஒட்டி லேசர் காட்டினார்கள். அதே ஒட்டும் வேலையில் டிடெக்டரையும் முடித்துவிடலாமே. டார்க் கரண்ட் நானோஆம்பியருக்குக் கீழே போகும். 25க்கு 24 என்ற சண்டையே வராது.

நான் அசெம்பிளி பக்கம் இருப்பவன். துண்டு துண்டாகச் செய்து சோதித்து, நல்ல துண்டை மட்டும் எடுத்து ஒட்டுவதுதான் விளைச்சலுக்கு நல்லது என்று இன்றும் நம்புகிறேன்.

#7 பெருக்கி

ரிசீவர் சர்க்யூட் டிசைன் செய்கிறவன் பேசுகிறேன். டார்க் கரண்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதிவேக இணைப்பில் அது அவ்வளவு கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டயோடு 30 நானோஆம்பியர் கசிகிறது என்று வை. சூடான சுவிட்ச் சிப்பின் பக்கத்தில் உட்கார்ந்து 85 டிகிரிக்குப் போய், தாராளமாக 1 மைக்ரோஆம்பியர் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 30 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் (பேண்ட்வித்) அந்தக் கசிவு தரும் ஷாட் இரைச்சல், அதாவது எலக்ட்ரான்கள் ஒழுங்கில்லாமல் வருவதால் எழும் இரைச்சல், 0.1 மைக்ரோஆம்பியர். பின்னால் இருக்கும் பெருக்கி, நல்ல டிசைனாகவே இருந்தாலும், ரூட் ஹெர்ட்ஸுக்கு 15 பிகோஆம்பியர் இரைச்சல் போடும். அதே பட்டையில் அது 2.6 மைக்ரோஆம்பியர். இரைச்சல்கள் வர்க்கமாகித்தான் கூடும் என்பதால் 2.6க்கு முன்னால் 0.1 காணாமலே போய்விடும். கசிவை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் ரிசீவரின் உணர்திறன் அசையாது. பேக்கேஜிங்காரர் அண்ணன் அவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுவரும் சுத்தம் இந்த இடத்தில் பயன்படாமல் போகிறது.

அதை அசைப்பது எது? கெபாசிட்டன்ஸ், அதாவது ஒரு வோல்ட் ஏற்ற எவ்வளவு மின்னூட்டம் நிரப்ப வேண்டும் என்ற அளவு. தனியாகச் செய்து ஒட்டிய டிடெக்டர், அதன் பேட் (வயர் தொடும் உலோகத் திட்டு), வயர் எல்லாம் சேர்ந்து 100 ஃபெம்டோஃபேரட் சாதாரணமாக வரும். வேவ்கைடின் முனையில் வளர்த்த ஜெர்மானியம் டயோடு மட்டும் 10 ஃபெம்டோஃபேரட் பக்கம். 50 ஓமோடு சேர்த்தால் முதலாவது 32 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிடும், இரண்டாவது 300ஐத் தாண்டும். பட்டையைக்கூட விடுங்கள். உள்ளே வரும் கெபாசிட்டன்ஸ் பாதியானால், அதே வேகத்துக்குப் பின்னூட்ட ரெசிஸ்டரை இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். ரெசிஸ்டர் பெரிதானால் இரைச்சல் குறையும், சிக்னல் கூடும், அடுத்த கட்டப் பெருக்கிகளைக் குறைக்கலாம், மின்சாரம் மிச்சம். ஒருங்கிணைப்பின் லாபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. விலைகூட இரண்டாம் பட்சம்.

இன்னும் ஒரு படி மேலே போய் யோசித்தவர் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் மில்லர். கெபாசிட்டன்ஸை 1 ஃபெம்டோஃபேரட்டுக்குக் கொண்டுவந்தால் 6240 எலக்ட்ரான் போதும், 1 வோல்ட் ஏறிவிடும். 6240 எலக்ட்ரானுக்கு, ஒன்றுகூட வீணாகவில்லை என்றால், 6240 போட்டான். 1550இல் அது ஒரு ஃபெம்டோஜூலுக்கும் குறைவு. ஒளியே நேராக டிரான்சிஸ்டரின் கேட்டைத் தூக்கிவிடும், பெருக்கியே வேண்டாம் என்பது அவர் பல வருடமாகச் சொல்லிவருவது. என் பிழைப்பே பெருக்கிதான், இருந்தாலும் அந்த நாள் வந்தால் சந்தோஷப்படுவேன். டேட்டா சென்டரில் ஒரு பிட்டை நகர்த்த நாம் எரிக்கும் மின்சாரத்தைப் பார்த்தால் மனசு கேட்காது.

#8 பேக்கேஜிங்காரர்

டார்க் கரண்ட் கணக்கை ஒப்புக்கொள்கிறேன் பெருக்கி சார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் 10 ஃபெம்டோஃபேரட் டயோடில் முடிகிறது. பெருக்கி வேறு சிப்பில் இருந்தால்? டயோடிலிருந்து பேட், பம்ப் (இரண்டு சிப்பையும் இணைக்கும் உலோகக் குமிழ்), மறுபடியும் பேட், கூடவே நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் பாதுகாப்புச் சுற்று. அங்கேயே 30, 40 ஃபெம்டோஃபேரட் ஏறிவிடுமே. ஒரே சிப்பில் டிரான்சிஸ்டரும் டயோடும் வைத்தால்தான் உங்கள் வாதம் முழுமையாக நிற்கும். வேஃபர்வாசியோ அந்தச் சந்து குறுகலானது என்கிறார்.

#9 வேஃபர்வாசி

குறுகல்தான், ஆனால் அடைபடவில்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட்-ஓடர் ஊரில் இருக்கும் ஐஎச்பி ஆய்வு நிறுவனம் பைசிமாஸ் என்ற அதிவேக வகை டிரான்சிஸ்டரையும் ஜெர்மானியம் டயோடையும் ஒரே வேஃபரில் செய்து தருகிறது. குளோபல்ஃபவுண்டரிஸ் 45 நானோமீட்டரில் சிமாஸோடு சேர்த்தே ஒளிப் பாகங்களைத் தருகிறது.

ஆனால் அண்ணன் தொட்ட இடம் சரியான இடம். ஒளிக்கு 45 நானோமீட்டரே தாராளம், டிரான்சிஸ்டருக்கோ இன்று இன்னும் சின்ன அளவு வேண்டும். இரண்டையும் ஒரே வேஃபரில் கட்டினால் ஒன்று மற்றதைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் டிஎஸ்எம்சி ஒளிச் சிப்பைத் தனியாகவும் மின் சிப்பைத் தனியாகவும் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக, பம்ப் இல்லாமல் செம்போடு செம்பை ஒட்டும் வழிக்குப் போயிருக்கிறது. பம்ப் போனால் இடையில் ஏறும் கெபாசிட்டன்ஸ் வெகுவாகக் குறையும். 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த, ஒளியைச் சுவிட்ச் சிப்பின் பக்கத்திலேயே கொண்டுவரும் கருவிகள் இந்த வழியில் வந்தவை. கவனியுங்கள், அங்கேயும் டிடெக்டர் ஒளிச் சிப்பில் வளர்ந்ததுதான். ஒட்டுவது சிப்பைத்தான், டயோடை அல்ல. இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

#10 வடக்குரதவீதி

ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு சீனா 2023 ஆகஸ்டிலிருந்து கட்டுப்பாடு போட்டதே, அது இந்தச் சிப்களை பாதிக்காதா?

#11 வேஃபர்வாசி

விலை ஏறும், ஆனால் இந்தத் துறை அதனால் நிற்காது. 300 மில்லிமீட்டர் வேஃபர் முழுக்க அரை மைக்ரோமீட்டர் ஜெர்மானியம் போட்டாலும் அதில் தங்குவது 0.2 கிராமுக்கும் குறைவு. நாங்கள் முழுக்கவும் போடுவதில்லை, ஆக்சைடில் சின்னச் சின்ன ஜன்னல் திறந்து அங்கே மட்டும் வளர்ப்போம். அடி வாங்குவது ஃபைபர் கண்ணாடியும் அகச்சிவப்பு லென்ஸும் செய்கிறவர்கள்.

#12 நார்க்கோடு

வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வேவ்கைடு டிடெக்டரின் அழகு அதில்தான் இருக்கிறது.

மேலிருந்து ஒளி விழும் பழைய டயோடில் ஒரு தீராத இழுபறி. ஒளியை முழுக்கப் பிடிக்கப் படலம் தடியாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் சீக்கிரம் வெளியே வரப் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசை. வேவ்கைடில் ஒளி பக்கவாட்டில் வருகிறது. வயலில் மழை பெய்வதற்கும் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதற்கும் உள்ள வித்தியாசம் இது: மழைநீர் இறங்க ஆழம்தான் உண்டு, வாய்க்கால் நீருக்கு நீளம் இருக்கிறது. ஒளி நீளவாக்கில் பத்து இருபது மைக்ரோமீட்டர் ஓடி மெதுவாக விழுங்கப்படும். எலக்ட்ரானோ குறுக்குவாக்கில் அரை மைக்ரோமீட்டர் தாண்டினால் போதும்.

ஜெர்மானியத்தில் எலக்ட்ரானின் உச்ச வேகம் நொடிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தால், அரை மைக்ரோமீட்டருக்கு 8 பிகோநொடி ஆகிறது. பட்டை சுமார் 54 கிகாஹெர்ட்ஸ். இன்னும் வேகம் வேண்டுமென்றால் குறுக்கு அகலத்தைக் குறை. ஐஎச்பி குழு 2021இல் அதைத்தான் செய்தது. ஜெர்மானியத்தை மீன் துடுப்பு மாதிரி ஒல்லியாக்கி, இரண்டு பக்கமும் சிலிக்கானை அணைத்து, 265 கிகாஹெர்ட்ஸ் காட்டினார்கள். அந்த டயோடில் ரெஸ்பான்சிவிட்டி, அதாவது ஒரு வாட் ஒளிக்குக் கிடைக்கும் மின்னோட்டம், 0.3 ஆம்பியர் அளவுக்கு இறங்கியது உண்மை. இருந்தாலும், கலவைக் குறைக்கடத்திகள் மட்டுமே இருந்த உயரம் அது. ஜெர்மானியம் என்றால் மட்டமான மாற்று என்று நினைத்தவர்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டது அப்போதுதான்.

#13 பெருக்கி

அதோடு அவலாஞ்ச் டயோடையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். ஒரு எலக்ட்ரானைப் பல எலக்ட்ரானாகப் பெருக்கும்போது இரைச்சலும் பெருகும். ஜெர்மானியத்தில் எலக்ட்ரானும் துளையும் கிட்டத்தட்ட சமமாகப் பெருகுவதால் இரைச்சல் மோசம். சிலிக்கானில் பெரும்பாலும் எலக்ட்ரான் மட்டும் பெருகும், எனவே இரைச்சல் மிகக் குறைவு. ஆக ஜெர்மானியம் ஒளியைப் பிடிக்கட்டும், கீழே சிலிக்கான் பெருக்கட்டும் என்று பிரித்தால் இரண்டு பொருளும் தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்யும். இன்டெல் 2008இல் அப்படிச் செய்து, பெருக்கமும் பட்டையும் சேர்ந்த கணக்கில் 340 கிகாஹெர்ட்ஸ் எடுத்தது. டார்க் கரண்ட் இங்கே முக்கியம், ஏனென்றால் அதுவும் சேர்ந்து பெருகும். ஒற்றை போட்டானை எண்ணும் வேலையில் இன்னும் முக்கியம். என் #7 கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

#14 பேக்கேஜிங்காரர்

தங்கச்சியின் அளவீட்டை எல்லோரும் மறந்துவிட்டோம்.

முதலில் டார்க் கரண்ட். புரோப் ஸ்டேஷனில் மைக்ரோஸ்கோப் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா? ஹாலோஜன் விளக்காக இருந்தால் அது அள்ளி வீசுவது பெரும்பாலும் அகச்சிவப்புதான். உன் டயோடு அதை நன்றாகப் பார்க்கும். ஊசியை பேடில் வைத்து முடித்ததும் விளக்கை அணை, அறை விளக்கையும் அணை, முடிந்தால் மேலே கறுப்புத் துணி போடு. லேசரை சாஃப்ட்வேரில் அணைத்ததோடு விடாமல் ஃபைபரையே கழற்று. அப்புறம் அரை நிமிடம் விட்டு அளந்து பார்.

இரண்டாவது, 1 மில்லிவாட் என்பது ஃபைபர் முனையில். டயோடு பார்ப்பது அது இல்லை. நடுவில் ஃபைபரிலிருந்து ஒளியைச் சிப்புக்குள் இறக்கும் கிரேட்டிங் கப்ளர் இருக்கிறது. உன் சிப்பில் உள்ளே போகும் கப்ளரையும் வெளியே வரும் கப்ளரையும் நேராக வேவ்கைடால் இணைத்த லூப்பேக் கட்டாயம் இருக்கும். அதன் மொத்த இழப்பை அள, அதில் பாதியை எடு. 1550இல் மட்டும் பார்க்காதே, அலைநீளத்தை ஓட்டி உச்சம் எங்கே என்று பார். ஃபைபரின் கோணம் அரை டிகிரி மாறினாலே உச்சம் நகர்ந்துவிடும்.

மூன்றாவது, போலரைசேஷன், அதாவது ஒளி அதிரும் திசை. சாதாரண கிரேட்டிங் கப்ளர் ஒரு போலரைசேஷனை மட்டும்தான் உள்ளே விடும். போலரைசேஷன் கன்ட்ரோலரின் துடுப்புகளைத் திருப்பி போட்டோகரண்ட் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்து. அதன் பிறகு ஃபைபரைத் தொடாதே, மேஜையில் கை ஊன்றினால்கூட மாறும்.

#15 எம்டெக்_மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பேக்கேஜிங்காரர் அண்ணா சொன்னபடியே செய்தேன். விளக்கை அணைத்ததும் 4 மைக்ரோஆம்பியர் கண்ணெதிரே இறங்கி 35 நானோஆம்பியரில் நின்றது. லூப்பேக் மொத்த இழப்பு 9 டெசிபெல், அப்படியானால் ஒரு கப்ளருக்கு 4.5. டயோடுக்குப் போவது 0.355 மில்லிவாட்தான். 0.32ஐ அதால் வகுத்தால் வாட்டுக்கு 0.90 ஆம்பியர். ஆவணத்தோடு பொருந்துகிறது. 1550இல் ஒவ்வொரு போட்டானும் ஒரு எலக்ட்ரான் கொடுத்தால் 1.25 வரும் என்பதால், நூற்றுக்கு 72 போட்டான் பிடிபடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. லேசரைப் பத்து மடங்கு கூட்டினால் பூஜ்ஜிய வோல்ட்டில் போட்டோகரண்ட் பத்து மடங்கு ஆவதில்லை, மைனஸ் 1 வோல்ட்டில் ஆகிறது. இது எதனால்?

#16 பெருக்கி

72 சரி. லூப்பேக்கின் இரண்டு கப்ளரும் ஒரே மாதிரி என்று நம்பித்தான் அந்தக் கணக்கு நிற்கிறது என்பதை ரிப்போர்ட்டில் எழுதிவிடு. பக்கத்துச் சிப்பிலும் அளந்து அந்த இழப்பு எவ்வளவு சிதறுகிறது என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

பூஜ்ஜிய வோல்ட்டில் டயோடின் உள் மின்புலம் மட்டும்தான் எலக்ட்ரானையும் துளையையும் பிரித்து இழுக்கிறது. ஒளி கூடினால் நடுவில் மின்னூட்டம் குவிந்து அந்தப் புலத்தையே திரையிட்டு மறைக்கும். கூட்டம் வெளியே போவதற்குள் பல ஜோடிகள் திரும்பச் சேர்ந்து மறைந்துவிடும். மைனஸ் 1 வோல்ட் அந்தப் புலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒளி வேவ்கைடிலிருந்து நுழையும் முதல் இரண்டு மூன்று மைக்ரோமீட்டரில்தான் கூட்டம் அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் அடைக்கும். 0, 0.5, 1, 2 வோல்ட் என்று நாலு கோடு ஒரே படத்தில் போடு, ரிவ்யூவில் கேள்வியே வராது.

அடுத்து எதை அளப்பது என்று கேட்டால் கெபாசிட்டன்ஸை அள. நெட்வொர்க் அனலைசரில் டயோடின் பிரதிபலிப்பை எடு. பிறகு அதே சிப்பில் டயோடு இல்லாமல் வெறும் பேட் மட்டும் இருக்கும் இடத்தை எடு. இரண்டையும் அட்மிட்டன்ஸாக மாற்றிக் கழி. பேட் 20, 30 ஃபெம்டோஃபேரட் இருக்கும், டயோடு அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கும் என்பதால் வெறும் பேட் இல்லாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. வெறும் பேட் இந்தச் சிப்பில் இல்லையென்றால் அடுத்த டிசைனில் கட்டாயம் போடு, கூடவே இரண்டு பேடையும் குறுக்கே இணைத்த ஒன்றையும். உங்கள் லேபில் 40 கிகாஹெர்ட்ஸ் கருவி இல்லையென்றாலும் கவலைப்படாதே, இதற்கு 10 கிகாஹெர்ட்ஸ் வரை போனாலே போதும். அதுவும் இல்லையென்றால் சென்னை ஐஐடியில் சிலிக்கான் போட்டோனிக்ஸுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, உன் புராஜெக்ட் கைடு மூலமாகக் கடிதம் எழுதிக் கேள்.

#17 எம்டெக்_மாணவி

லேஅவுட்டைத் திறந்து பார்த்தேன் சார். வெறும் பேட் ஒன்று ஓரத்தில் இருக்கிறது, குறுக்கே இணைத்தது இல்லை. கைடிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் அனலைசர் எங்களுக்கு. எண் வந்ததும் நாலு கோடு படத்தோடு இங்கேயே போடுகிறேன்.